பாக்ஸ் கிரில், ஏசி, கடைப் பலகை: மும்பையின் பழைய தெருக்களில் வெளிமுக மாற்றங்கள் எப்படி எடைபோடப்படுகின்றன

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களை எதிர் நடைபாதையில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கிடைக்கோடுகள்தான். பால்கனிக் கைப்பிடிச்சுவர் ஒரே மட்டத்தில் ஓடி, தெருமுனையில் வளைந்து திரும்பும். ஜன்னலுக்கு மேல் புருவம் போல மெல்லிய சன்ஷேட். மாடிப்படி இருக்கும் இடத்தில் மட்டும் செங்குத்தான நீள ஜன்னல். 1930, 40களின் ஆர்ட் டெகோ பாணிக் கட்டடங்களில் சிற்ப வேலைப்பாடு குறைவு. இந்தக் கோடுகளே அலங்காரம். அதனால் ஒரு வீட்டார் பால்கனிக்கு வெளியே துருத்தும் பாக்ஸ் கிரில் போட்டால் கோடு அந்த இடத்தில் அறுபடுகிறது. இரண்டாமவர் அலுமினிய ஸ்லைடிங் வைத்து மூடுகிறார், மூன்றாமவர் ஏசி வைக்கக் கைப்பிடிச்சுவரை உடைக்கிறார். எட்டு பால்கனியில் நான்கு போனபின் அந்தக் கட்டடத்துக்கு எலிவேஷன், அதாவது முகப்புத் தோற்றம், என்று சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நால்வருக்கும் நியாயமான காரணம் இருந்தது. குழந்தை, திருட்டு, மழைச் சாரல், வெயில். வெளிமுக மாற்றத்தைப் பரிசீலிப்பவர்கள் அந்தத் தேவையை மறுப்பதில்லை. விண்ணப்பங்கள் பெரும்பாலும் தேவையைச் சொல்லாமல், கடையில் பார்த்து விலை பேசிய பொருளைச் சொல்கின்றன. "பாக்ஸ் கிரில் போட அனுமதி வேண்டும்" என்று எழுதினால் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள்தான். "இரண்டாம் மாடி பால்கனியில் குழந்தை ஏறாமல் தடுக்க வேண்டும்" என்று எழுதினால் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் குறைந்தது இரண்டு, தெருவிலிருந்து தெரியாத வழிகளாக இருக்கும்.

இந்தத் தெருக்கள் தற்செயலாக ஒழுங்கானவை இல்லை. 1896இல் பம்பாயில் பிளேக் பரவிய பின், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நெரிசலைக் குறைக்க அது வடக்கே தாதர், மாட்டுங்கா பக்கம் மனைப் பிரிவுகளை வகுத்தது. மனையில் எவ்வளவு கட்டலாம், எவ்வளவு காலியாக விடவேண்டும் என்ற கட்டுப்பாடுகளோடுதான் மனைகள் கைமாறின. காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள் வரவேண்டும் என்பது அன்று உயிர் சம்பந்தப்பட்ட கவலை. அப்படி உருவான மாட்டுங்காவில்தான் தமிழ்க் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் குடியேறின. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் இங்கே பள்ளி தொடங்கியது. இன்று பால்கனியை மூடி அறையாக்கும்போது அடைபடுவது பிளேக் காலத்துக்குப் பின் திட்டமிட்டுத் திறந்துவைத்த அந்தக் காற்று வழி.

சட்டப்படி என்ன நிலை என்று பார்க்கலாம். பம்பாய் 1995இல் பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. இந்திய நகரங்களில் அது முன்னோடி. அப்போது அது வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 67ஆவது விதி. இப்போதைய 2034 வளர்ச்சித் திட்ட விதிகளில் 52ஆவது. பட்டியலில் உள்ள கட்டடத்திலோ பட்டியலிட்ட பகுதியிலோ இடிப்பு, விரிவாக்கம் மட்டுமின்றி, பழுதுபார்த்தல், பூச்சு, சிறப்பு அம்சங்களை மாற்றுதல், பெயிண்ட் அடித்தல் வரை மாநகராட்சி ஆணையரின் முன் அனுமதி தேவை. அவர் மும்பை பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவைக் கலந்து, அதன் ஆலோசனைப்படி நடக்கவேண்டும். விதிவிலக்காக மாறுபட்டால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். பெயிண்ட்டும் இதில் அடங்கும் என்பது பல சொசைட்டி (குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கம்) செயலாளர்களுக்கு நோட்டீஸ் வந்த பிறகே தெரிகிறது. அதே விதி, கட்டடத்தை ஒழுங்காகப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை என்றும் சொல்கிறது. விண்ணப்பத்தில் இந்த வரியைச் சுட்டுவது நல்லது. பழுதுபார்ப்பைக் கேட்பவர் சலுகை கேட்கவில்லை, கடமையைச் செய்ய வழி கேட்கிறார்.

தரம் மூன்று. முதல் தரம் தேசிய, வரலாற்று முக்கியத்துவம் கொண்டவை. அங்கே உள்ளும் புறமும் கை வைப்பது வலுப்படுத்தத் தேவையானபோது மட்டும். இரண்டாம் தரத்தில் ஏ, பி என்று உட்பிரிவு உண்டு. உள்மாற்றங்களும் புதுப் பயன்பாடும் பொதுவாக இயலும், கண்டிப்பான பரிசீலனையோடு. பி பிரிவில் அதே மனையில் கூடுதல் கட்டுமானத்துக்கும் இடமுண்டு. உயரமும் முகப்பும் பழையதோடு இசைய வேண்டும். மூன்றாம் தரம் தெருவின் தோற்றத்துக்காகப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே உள், வெளி மாற்றங்கள் பொதுவாக அனுமதிக்கப்படும். கட்டடம் பலவீனம் என்று நிரூபணமானால் இடித்துக் கட்டவும் வழி இருக்கிறது. சாதாரணக் குடியிருப்புக்காரருக்கும் கடைக்காரருக்கும் பெரும்பாலும் பொருந்துவது இந்த மூன்றாம் தரமும், கிர்காவின் கோட்டாச்சிவாடி போன்ற பட்டியலிட்ட பகுதிகளும்தான்.

ஆகவே முதல் வேலை, உங்கள் கட்டடம் பட்டியலில் உண்டா, எந்தத் தரம் என்று பார்ப்பது. 2012இல் மாநகராட்சி கூடுதல் பட்டியலை வெளியிட்டு ஆட்சேபம் கேட்டபோது சிவாஜி பார்க் போன்ற இடங்களில் குடியிருப்போர் கடுமையாக எதிர்த்தார்கள். 'முன்மொழிவு', 'இறுதி' என்ற இரண்டும் பேச்சில் குழம்பிக் கிடக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல், சொத்து அட்டையில் உள்ள கடாஸ்ட்ரல் சர்வே எண்ணை (நில அளவை எண்) கொண்டு வளர்ச்சித் திட்டக் குறிப்பை, அதாவது டிபி ரிமார்க்ஸை, எழுத்தில் வாங்குங்கள். பாரம்பரிய நிலை அதில் வரும். மாட்டுங்காவுக்கு எஃப் நார்த் வார்டு, கிர்காவுக்கு டி, ஃபோர்ட்டுக்கு ஏ. ஃபோர்ட், ஓவல் மைதான் பக்கம் இன்னொரு அடுக்கும் உண்டு: 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விக்டோரியக் கோதிக், ஆர்ட் டெகோ தொகுதி 94 கட்டடங்களைக் கொண்டது, அதைச் சுற்றிக் காப்பு வளையமும் இருக்கிறது. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் அருகில் இருந்தால் அது தனிச் சட்டம்: எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஒன்றில் வாங்கிய அனுமதி இன்னொன்றுக்குப் போதாது.

பழைய பம்பாயில் பகடி எனும் முன்தொகை கொடுத்துக் குடியேறும் வாடகைக் கட்டடங்கள் அதிகம் என்பதால் யார் கையெழுத்து என்ற சிக்கலும் சேரும். வெளிச்சுவர் நில உரிமையாளருடையது, உள்ளே இருப்பது வாடகைதாரர், பழுதுபார்ப்பு வரியான செஸ் கட்டும் கட்டடமென்றால் பழுதுபார்ப்பில் மாநில வீட்டுவசதி அமைப்பான மாடாவின் ரிப்பேர் போர்டும் வரும். உரிமையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் கொடுத்த விண்ணப்பம் பரிசீலனைக்கே போகாமல் நிற்கும். அதை வாங்கிய பிறகே ஆர்க்கிடெக்டிடம் வரைபடத்துக்குப் பணம் கட்டுங்கள்.

வரைபடத்தில் எல்லோரும் வரப்போவதை அழகாக வரைகிறார்கள், இருப்பதை அரைகுறையாக விடுகிறார்கள். குழுவுக்கு இருப்பதுதான் முக்கியம். எதிர் நடைபாதையிலிருந்து நேராக எடுத்த முழு முகப்புப் படம், இருபுறக் கட்டடங்களும் தெரியும் படம், மாற்றப்போகும் ஒவ்வொரு ஜன்னல், கிரில், சன்ஷேடின் நெருக்கப் படம். அளந்து வரைந்த எலிவேஷன் 1:100 அளவில். கிரில், ஜன்னல் சட்டம், பலகை போன்றவற்றின் வெட்டுத் தோற்றம் 1:20 அல்லது 1:10இல். இடிப்பது மஞ்சள், புதியது சிவப்பு என்ற மாநகராட்சி வழக்கப்படி நிறம். எந்தப் பொருள், என்ன தடிமன், சுவரில் எப்படிப் பொருந்துகிறது, கழற்றினால் சுவருக்கு என்ன ஆகும் என்று ஒரு பக்கக் குறிப்பு. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கழற்றக்கூடிய மாற்றத்தை ஏற்பது யாருக்கும் எளிது.

பால்கனிக்கு வருவோம். மூடி அறையாக்கும் விண்ணப்பம் தோற்றத்துக்கு முன்னால் எடையில் தோற்கிறது. நாலரை அங்குலச் செங்கல் சுவர், இருபுறப் பூச்சோடு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ. கைப்பிடிச்சுவருக்கு மேல் 2 மீட்டர் உயர்த்தினால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 500 கிலோ, அதுவும் முன்னால் தாங்கல் இல்லாமல் நீட்டிய பலகத்தின் நுனியில். 80 வருடக் கம்பி அதற்காகப் போடப்பட்டதில்லை. கிரில் பெட்டிக்குள் பூந்தொட்டி வரிசை வைப்பதும் லேசான காரியமில்லை: 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் ஈரமண் மீட்டருக்கு 150 கிலோவைத் தொடும். அதோடு பாக்ஸ் கிரில் பூட்டிய கூண்டு. தீ விபத்தில் ஏணி வந்து சேர்ந்தாலும் ஆள் வெளியே வர முடியாது.

மாற்று வழி பழைய கைப்பிடிச்சுவரைத் தொடாதது. அதன் உட்புறம் நாலு விரல் தள்ளி மெல்லிய கம்பிக் கைப்பிடி ஒன்றைத் தரையில் ஊன்றினால் உயரம் கூடும், தெருவிலிருந்து பார்த்தால் பழைய கோடு அப்படியே இருக்கும். திருட்டுக்குப் பயமென்றால் பால்கனியை விட்டுவிட்டு, பால்கனிக்கும் அறைக்கும் நடுவே உள்ள கதவு ஜன்னலில் உட்புறமாகக் கிரில் வையுங்கள். ஒரு பகுதி கீல் போட்டுத் திறக்க வேண்டும், சாவி எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். சாரலுக்கு மூங்கில் அல்லது கேன்வாஸ் திரை, உட்பக்கம் சுருட்டும்படி, கட்டடம் முழுக்க ஒரே நிறத்தில். சொசைட்டி முழுமைக்கும் ஒரே வடிவத்தை ஒருமுறை அனுமதி வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்தவர் வேலை அதைப் பின்பற்றுவது மட்டும்தான். தனித்தனி விண்ணப்பங்களைவிட இது எவ்வளவோ மேல். இவ்வளவு குறைவாகக் கையாளப்படுவது வருத்தம்.

ஜன்னலில் பணம் மிச்சம் என்று அலுமினிய ஸ்லைடிங்குக்கு மாறுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தேக்கு ஜன்னல் இரு கதவும் வெளியே திறந்தால் முழுத் திறப்பும் காற்றுக்கு. இரு தடத்து ஸ்லைடிங்கில் எப்போதும் பாதி மூடியே இருக்கும். மும்பையின் அக்டோபர் புழுக்கத்தில் அந்தப் பாதியைத்தான் பிறகு ஏசி ஈடுகட்டுகிறது. பழைய பர்மா தேக்கில் கெட்டுப்போவது பெரும்பாலும் கீழ்ச்சட்டமும் மூலைகளும்தான். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி அதே மரத்தில் ஒட்டுப்போட்டு, புட்டி மாற்றி, கீலை மாற்றினால் இன்னும் பல வருடங்கள் ஓடும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் கண்ணாடிப் பிரிவுகளின் எண்ணிக்கையும் சட்டத்தின் அகலமும் பழையதை ஒத்திருக்க வேண்டும், திறக்கும் முறையும் அதேதான்.

ஏசி வெளி யூனிட் முகப்பில் வேண்டாம். பின்பக்கம், பக்கவாட்டு வழி, மொட்டைமாடி இவற்றைப் பாருங்கள். கடையில் ஏசியோடு தரும் குழாய் பெரும்பாலும் 3 மீட்டர்தான். அதனால்தான் மெக்கானிக் முகப்பையே காட்டுகிறார். நீளக் குழாய்க்கு எத்தனை மீட்டர் வரை ஏற்கும் என்று அந்த மாடலின் கையேட்டில் இருக்கும், கூடுதல் வாயுவும் நிரப்ப வேண்டும். வடிநீரைச் சன்ஷேட் மேல் விடாதீர்கள். மழைக்காலத்து ஈரக் காற்றில் மணிக்கு ஓரிரு லிட்டர் சொட்டும். கீழே காங்கிரீட் ஊறி, கம்பி துருப்பிடிப்பது அங்கேதான் தொடங்கும்.

அந்தத் துருதான் ஆர்ட் டெகோ கட்டடங்களின் பெரிய நோய். காற்றிலுள்ள கரியமில வாயு காங்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்க, கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்க, கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட் பிளந்து விழும். முதலில் விழுவது மெல்லிய சன்ஷேட். கான்ட்ராக்டர் உடனே சொல்வது, "முழுசா உடைச்சு நேராப் போட்டுடலாம்." நேரான பலகம் வந்ததும் புருவத்தின் வளைவு போய்விடுகிறது, குழுவின் ஆட்சேபம் இங்கேதான். உடைப்பதற்கு முன் சன்ஷேடின் பக்கவாட்டு வடிவத்தைப் பிளைவுட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ வெட்டி அச்சு எடுத்து வையுங்கள். அடிப்பக்க விளிம்பில் ஓடும் சிறு நீர்வடிக் காடியையும் அச்சில் குறியுங்கள். மழைநீர் சுவருக்குத் திரும்பி ஓடாமல் விளிம்பிலேயே சொட்டவைப்பது அதுதான், பழுதுபார்ப்பில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

பிறகு சுத்தியலால் தட்டி, பொள்ளல் சத்தம் வரும் இடமெல்லாம் குறித்து, நல்ல காங்கிரீட் வரும் வரை கொத்த வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு, ஏறத்தாழ 20 மி.மீ., காலி செய்யவேண்டும். முன்பக்கத்தை மட்டும் கொத்திப் பூசினால் பின்புறத் துரு இரண்டு மூன்று மழையில் புதுப் பூச்சைத் தள்ளிவிடும். "போன வருஷம்தானே செஞ்சோம்" என்று கேட்கும் கட்டடங்களில் பெரும்பாலும் நடந்தது இதுதான். கம்பியைத் துருபோகத் தேய்த்து, விட்டம் கணிசமாகக் குறைந்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, பிணைப்புப் பூச்சுக்கு மேல் பாலிமர் கலந்த சாந்தை ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.மீ. என்று அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். கடைசி அடுக்கை அச்சால் இழுத்து வடிவம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் ஈரத்தில் இருக்க வேண்டும்.

ஃபோர்ட், கிர்காவின் பழைய கல், சுண்ணாம்புக் கட்டடங்களில் நோய் வேறு. மலாட் கல், போர்பந்தர் கல், சுண்ணாம்புச் சாந்து எல்லாம் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அவற்றின் மேல் சிமெண்ட் பூசினால், பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளிவர வழியில்லாமல் உள்ளே ஓதம் ஏறும், கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். இணைப்புகளில் சிமெண்ட் திணிப்பது இன்னும் மோசம். சாந்து கல்லைவிடக் கடினமானால் தேய்வது கல். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்ற பழைய விகிதத்தைத் தொடக்கமாக வைத்து மாதிரி போட்டுப் பாருங்கள். மணல் வீச்சால் கல்லைச் சுத்தம் செய்யும் திட்டத்தை எந்தக் குழுவும் ஏற்கக் கூடாது. போன மேல்தோல் திரும்பாது. நிறத்துக்கு ஓரங்குலச் சதுரத்தில் அடுக்குகளைச் சுரண்டி அடிநிறத்தைக் கண்டு, படத்தோடு கொடுத்தால் போதும்.

கடைக்காரர்களுக்குப் பலகைதான் பிரச்சினை. தாதாபாய் நவ்ரோஜி சாலையில் வளைவுத் தாழ்வாரங்களை மறைத்துக் கிடந்த பலகைகளை 1990களின் இறுதியில் வளைவுக்குள் அடக்கி ஒழுங்குபடுத்திய முயற்சி இதற்கு நல்ல முன்மாதிரி. வளைவும் தூணும் தெரிய வேண்டும், பலகை அவற்றுக்கு இடையே உட்கார வேண்டும். முகப்பு முழுக்க ஏசிபி எனும் அலுமினியக் கூட்டுத் தகடு போர்த்துவது எடையால் கெடுதல் இல்லை. பின்னால் மழைநீர் தேங்கி, செடி முளைத்து, விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் வளர்வதுதான் கெடுதல். தனித்தனி எழுத்துகளை ஒரு மெல்லிய கம்பிச் சட்டத்தில் பொருத்தி, சட்டத்தைக் கல்லில் துளைக்காமல் சாந்து இணைப்பில் திருகுங்கள். கடற்கரைப் பக்கம் 316 தரத் துருப்பிடிக்கா எஃகு, பின்னால் ஒரு அங்குல இடைவெளி, வயர் ஒரே துளை வழியாக.

இதில் மொழி விதியும் சேர்கிறது. மகாராஷ்டிரக் கடைகள் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி 10 பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள கடையும் தேவநாகரியில் மராத்திப் பெயர் வைக்க வேண்டும், பிறமொழி எழுத்து அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இதற்காகப் பலகையைப் பெரிதாக்கக் கேட்பவர்களே அதிகம். அளவைக் கூட்டாமல், மராத்தியும் ஆங்கிலமும் வளைவுக்குள் வரட்டும். தமிழ்ப் பெயரைக் கதவுக் கண்ணாடியில் எழுதலாம், அல்லது தாழ்வாரத்துக்குள் குறுக்காகத் தொங்கும் சிறு பலகையில். நடந்து வருபவர் கண்ணுக்கு அந்த உயரமே வசதி. ஒளிரும் பலகைக்கு மாநகராட்சிச் சட்டம் 328, 328ஏ பிரிவுகளின் உரிமம் தனி.

காலக் கணக்கும் முக்கியம். வெளிவேலைக்கு அக்டோபர் முதல் மே வரைதான் மும்பையில் கிடைக்கும். மழை விட்டபின் ஆர்க்கிடெக்டைத் தேடத் தொடங்கினால் அனுமதி வரும்போது சித்திரை வெயில் முடிந்திருக்கும், கான்ட்ராக்டர் அவசரத்தில் ஈரம் காக்காமல் பூசிவிட்டுப் போவார். ஜூலை, ஆகஸ்டில் ஒழுகும் இடத்தை ஒழுகும்போதே படமெடுத்து, அந்த மாதமே விண்ணப்பம் போடுங்கள். 30 வருடம் தாண்டிய கட்டடத்துக்கு மாநகராட்சிச் சட்டம் 353பி பிரிவின்படி கட்டமைப்புத் தணிக்கை எப்படியும் வேண்டும்; அந்த அறிக்கையை இணைத்தால் பழுதின் காரணத்தை மறுபடி விளக்க வேண்டியதில்லை.

இடையில் துண்டு விழுந்துவிட்டால், ஆளுக்கு ஆபத்தான தளர்ந்த பகுதியை மட்டும் அகற்றலாம்; அதற்கு முன்னும் பின்னும் படம், வார்டு அலுவலகத்துக்கு அன்றே கடிதம். உடைந்த வார்ப்பிரும்புக் கிரில், சன்ஷேட் துண்டு, பூவேலை ஓடு எதையும் இடிபாடு அள்ளும் ராபிட் லாரியில் ஏற்ற விடாதீர்கள். ஒரு துண்டு கையில் இருந்தால் அதிலிருந்து அச்சு எடுக்கலாம்.